வீட்டுக்கு அனுமதி உடனே. மனைக்குக் கணக்கு எப்போது?

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் இ-சேவை மையத்தில் சென்ற மாதம் ஒரு பிற்பகல் நேரம் உட்கார்ந்திருந்தோம். சாதிச் சான்று, வருமானச் சான்று கேட்டு வந்த மாணவர்களுக்கு நடுவே ஒரு கணவனும் மனைவியும் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதத்தோடு நின்றார்கள். கணவர் கொத்தனார். இருபது ஆண்டுகளாக மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் வரை போய் மற்றவர்களுக்கு வீடு கட்டுகிறவர். மனைவி அதே செட்டில் சித்தாள். அவர்கள் குடியிருப்பது 2018 நவம்பரில் கஜா புயலில் கூரை பறந்த வீடு. அதன்மேல் தார்ப்பாய் போட்டு, பிறகு கீற்று வேய்ந்து, இப்போது மறுபடியும் தார்ப்பாய் கிடக்கிறது. இரண்டு அறை, ஓர் அடுப்படி, மேலே தளம் என்று தனக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது கொத்தனாரின் எண்ணம். வரைபடத்தை அவரே நோட்டுத்தாளில் அளவோடு போட்டு வைத்திருந்தார்.

“ஒரு மணி நேரத்துல அனுமதி வந்துடும்னு சொல்றாங்களே தம்பி, அதைப் போட்டுக் குடுங்க” என்றார்.

மையத்துத் தம்பி காகிதத்தில் இருந்த புல எண்ணைத் தட்டினார். திரையில் வேறு பெயர் வந்தது. மறுபடியும் தட்டினார். அதே பெயர்.

“அண்ணே, இது யார் பேர்லயோ இருக்கே. புல எண் சரிதானா?”

“சரிதான் தம்பி. அது பழைய மிராசு பேரு. அவங்ககிட்டேருந்து சர்க்கார் எடுத்துத்தான் எங்களுக்குக் குடுத்துச்சு. இதோ பட்டா, எங்க அம்மா பேர்ல.”

“பட்டா இருக்கு அண்ணே. கம்ப்யூட்டர்ல இல்லையே.”

அந்தத் தெருவில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் அதே போன்ற காகிதம் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே பந்தலில், மாலை மரியாதையோடு கொடுக்கப்பட்டவை. எதுவும் கணினியில் இல்லை.

வீடு கட்டும் அனுமதி பற்றி இப்போது ஊர் ஊராகப் பேசப்படுவது சுயசான்றுத் திட்டம். 2024 ஜூலை 22-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அல்லது தரைத்தளமும் முதல் தளமுமோ, 7 மீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் வீடு கட்டுகிறவர் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். பட்டா, கிரயப் பத்திரம், மனையின் புகைப்படம், வீட்டின் வரைபடம் ஆகியவற்றை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றி, விதிப்படிதான் கட்டுவேன் என்று தானே சான்று கொடுத்து, கட்டணத்தைச் செலுத்தினால் அனுமதி உடனே பதிவிறங்குகிறது. முன்கூட்டியே யாரும் இடத்தைப் பார்க்க வருவதில்லை. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் இல்லை. கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்றும் தேவையில்லை.

இதை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஊராட்சியில் வீடு கட்ட அனுமதி என்பது இதுவரை எப்படி இருந்தது என்று சேரியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போக வேண்டும். தலைவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். “மெத்தை வீடா கட்டப் போறே?” என்ற ஒரு கேள்வியைத் தாண்ட வேண்டும். தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்பதும், திருவிழாத் தகராறில் எந்தப் பக்கம் நின்றாய் என்பதும் அந்தக் கையெழுத்துக்குள் ஒளிந்திருக்கும். தனித் தொகுதியில் வென்ற நம் தலைவர்களே தங்கள் நாற்காலியில் உட்கார முடியாத ஊராட்சிகள் இருந்த மாநிலம் இது. இந்தக் கையெழுத்தை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தது நல்ல காரியம். இயந்திரம் தெருவின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை.

ஆனால் அது கேட்கும் முதல் கேள்வியே, மனை யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். வரைபடத்துக்கு உன் சொல் போதும், உயரத்துக்கு உன் சொல் போதும், பக்கத்தில் விடும் இடத்துக்கும் உன் சொல் போதும். மனைக்கு மட்டும் உன் சொல்லும் போதாது, உன் கையில் இருக்கும் அரசு முத்திரை போட்ட காகிதமும் போதாது. கணினியில் பெயர் இருக்க வேண்டும். ஊர்த்தெருவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. தாத்தா காலத்திலிருந்து கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், பெயர் மாற்றம் என்று வரிசையாக வந்திருக்கும். நம் தெருவில் மனை வந்த வழியே வேறு.

தஞ்சை வட்டாரத்தில் பண்ணையில் வேலை செய்தவர்களின் குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. கூலி கூடுதலாகக் கேட்டால் வேலை போகும். வேலையோடு குடிசையும் போகும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-லேயே, சேரி மக்களுக்குத் தாங்கள் குடியிருக்கும் மனைமீது உரிமை இல்லாததைத் தன் அறிக்கையில் எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதன் தொடர்ச்சியாக 1892-ல் வந்தது. 1920-களில் தொழிலாளர் துறை தஞ்சை மாவட்டத்தில் வீட்டுமனைக்காக நிலம் வாங்கித் தர முனைந்தது. நம்மவர்கள் அதற்குத் தவணையில் பணம் கட்டினார்கள். இலவச மனை என்று இன்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விடுதலைக்குப் பிறகு இரண்டு சட்டங்கள் வந்தன. 1961-ன் சட்டம், குடியிருப்பிலிருந்து வெளியேற்றாதே என்றது. வெளியேற்றாமல் இருந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடையாக, 1971-ல் குடியிருப்பு மனையை அங்கே வாழ்கிறவருக்கே உடைமையாக்கும் சட்டம் வந்தது. இரண்டுக்கும் நடுவே 1968 டிசம்பர் 25 இருக்கிறது. கீழ்வெண்மணியில் ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலிக்கான போராட்டமாகத்தான் அது பாடப்புத்தகத்துக்கு வெளியே பேசப்படுகிறது. அந்தக் குடிசைகள் யார் மனையில் நின்றன என்பதையும் மாணவர்கள் சேர்த்துக் கேட்டால், அந்த 1971 சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது புரியும்.

பிறகு 1978-ல் ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கென்றே நிலம் கையகப்படுத்தும் தனிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் 31-ஆவது சட்டம். மாவட்ட ஆட்சியரே முடிவெடுத்து, நீண்ட நடைமுறை இல்லாமல் நிலத்தை எடுக்கலாம். நில உடைமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இழப்பீட்டைத் தவணையாகத் தரலாம் என்ற பகுதியை மட்டும் ஒதுக்கியது. 2019-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இவ்வளவு இழுபறியைத் தாண்டித்தான் இன்று நம் ஊர்களில் காலனி என்று சொல்லப்படும் தெருக்களில் பெரும்பகுதி நிற்கிறது. கொத்தனாரின் தாயாருக்கு 1990-களில் கிடைத்த 3 சென்ட் அப்படி வந்ததுதான்.

அப்படியானால் கணினியில் ஏன் இல்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நம் மக்களில் பலர் “நமக்குத் தந்தது போலிப் பட்டா போலிருக்கிறது” என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

நிலத்தை எடுப்பதும் பட்டா கொடுப்பதும் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரின் வேலை. எடுத்த நிலத்தை அளந்து, மனை மனையாக உட்பிரிவு செய்து, ஒவ்வொரு மனைக்கும் எண் கொடுத்து, கிராமக் கணக்கிலும் வட்டக் கணக்கிலும் ஏற்றுவது நில அளவைத் துறையும் வருவாய் வட்டாட்சியரும் செய்ய வேண்டிய வேலை. விழா முதல் வேலையோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது வேலைக்குப் பந்தலும் இல்லை, படம் பிடிப்பவரும் இல்லை. கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் நின்றுபோனால், பட்டா நம் கையிலும் நிலம் பழைய உடைமையாளர் பெயரிலும் இருக்கும். இப்போதுள்ள கணினிக் கணக்கின் அடிப்படை, 1979-லிருந்து 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதப்பட்ட பதிவேடு. அதற்குப் பிந்திய மாறுதல்களை யாராவது எழுதியிருந்தால்தான் கணினிக்கு வந்திருக்கும். எழுதாததை எந்தக் கணினியும் காட்டாது.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. அந்தப் பட்டாவின் பின்பக்கத்தில் நிபந்தனைகள் அச்சாகியிருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டிக் குடியேற வேண்டும்; குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது; மீறினால் ஒப்படை ரத்தாகும். விற்கக் கூடாது என்பது நமக்குப் பாதுகாப்புத்தான். வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோ இன்று நம்மையே குத்துகிறது. கட்டாவிட்டால் மனையைப் பறிப்பேன் என்கிறது ஒரு துறை. உன் பெயரே கணக்கில் இல்லை, அனுமதி தர மாட்டேன் என்கிறது இன்னொரு துறையின் இணையதளம். இரண்டுக்கும் நடுவே கொத்தனார் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறார்.

கிராம நத்தத்தில் இருப்பவர்களின் நிலை சற்று மேல். நத்தம் நிலம் அரசுக்குச் சொந்தமானது அல்ல, குடியிருப்பவருடையது என்று உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தோராயப் பட்டா வாங்கியவர்கள் அதைத் தூய பட்டாவாக மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் நத்தம் கணக்குகள் கணினிக்கு வந்தது மற்ற நிலங்களுக்கெல்லாம் பிந்தித்தான். கோயில், மடத்து அடிமனையில் இருப்பவர்கள் வாடகைதாரர்கள். நம் மாவட்டத்தில் அவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மிகக் கடினமான இடத்தில் இருப்பவர்கள் வாய்க்கால் கரையிலும் ஆற்றங்கரையிலும் இருக்கிறவர்கள். கையில் பட்டாவுக்குப் பதில் ‘பி மெமோ’, அதாவது 1905-ன் ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் தண்டம் கட்டிய சீட்டு, வைத்திருக்கிறார்கள். பல குடும்பங்கள் அதையே பட்டா என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றன. நீர்நிலைப் புறம்போக்கை வரன்முறைப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. நீர்நிலை காக்கப்பட வேண்டியதுதான், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் வயலுக்கு நடுவே நல்ல மேட்டு நிலம் இருந்தும் இவர்கள் கரைக்கு ஏன் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இவர்களுக்கு மாற்று மனைதான் வழி. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை சுமார் 86 ஆயிரம் குடும்பங்களுக்குப் பட்டா தர முடிவெடுத்தபோது, அது சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளையும் பிற நகரங்களையும் ஒட்டிய புறம்போக்குகளைப் பற்றியதாக இருந்தது. வாய்க்கால் கரைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

திருவாரூர் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். இந்த மாவட்டத்தில் 34 சதவீதம், தமிழ்நாட்டிலேயே மிக அதிகம். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கிராமத்தில் பாதி வீடுகள் அப்படித்தானே நிற்கின்றன? உண்மை. ஆனால் அனுமதியின் பயன் காகிதத்தோடு முடிவதில்லை. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் முதலில் கேட்பது அனுமதி பெற்ற வரைபடம். வீட்டுக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 8, 9 சதவீதம். பதினைந்து இருபது ஆண்டு தவணை. அது கிடைக்காத குடும்பம் போவது குழுக் கடனுக்கு. அங்கே வட்டி 20 சதவீதத்தைத் தாண்டும். தவணை வாரந்தோறும் வாசலுக்கு வரும். ஒரே அளவு வீடு, ஒரே செங்கல், ஒரே கொத்தனார். நம் தெருவில் மட்டும் அதன் விலை கூடிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சாலையை அகலப்படுத்த வரும்போது, கணக்கில் பெயர் உள்ளவருக்கு நிலத்துக்கு இழப்பீடு. பெயர் இல்லாதவர் ஆக்கிரமிப்பாளர். நாற்பது ஆண்டு குடியிருந்தாலும் அன்றைக்கு அதுதான் பெயர்.

அரசு வீட்டுத் திட்டங்களும் மனையில்தான் தொடங்குகின்றன. கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தரப்படுகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கூரை, குடிசைவாசிகளுக்குத் தொகை வருகிறது. இரண்டிலும் விண்ணப்பித்தவரிடம் மனை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. குடிசை வீட்டுக்காரர்களுக்கான திட்டத்திலிருந்து, குடிசையில் இருப்பவரே மனைக் கணக்கு சரியில்லை என்று வெளியே நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

கணக்கு சரியாகிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? அப்போதும் ஒரு சிக்கல் இருக்கும். 3 சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. அம்மாவுக்குக் கொடுத்த மனையில் இன்று மூன்று பிள்ளைகள். ஆளுக்கு 435 சதுர அடி. முன்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்கின்றன. அவற்றை விட்டபின் மிஞ்சுவது ஒரு நீளமான தாழ்வாரம்தான். கொத்தனார் இதை நம்மிடம் தரையில் கோடு போட்டுக் காட்டினார். “ஊர்ல கட்டுறப்போ இடம் விடச் சொல்லி நானே ஓனர்கிட்ட மல்லுக்கு நிப்பேன். வெளிச்சம் வேணும், காத்து வேணும்னு. இங்க எங்க விடுறது?” விதி தவறு என்று அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. நெருப்புப் பிடித்தால் வண்டி வர வேண்டும், மழைத் தண்ணீர் வடிய வேண்டும். ஒரு தலைமுறைக்கு அளந்த மனையில் மூன்றாவது தலைமுறை வாழ்கிறது என்பதுதான் பிரச்சினை. அந்தத் தெருவுக்குப் பிறகு அந்தக் கிராமத்தில் நம் மக்களுக்குப் புதிதாக மனை எடுக்கப்படவே இல்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போட்டு, தரைத்தளம் ஒருவர், முதல் தளம் ஒருவர் என்று கட்டுவது இன்றைக்கு உள்ள விதிக்குள் அடங்கும் ஒரு வழி. அதற்கு அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இ-சேவை மையத்துக்கு வெளியே நின்ற ஒருவர் கொத்தனாரைத் தனியே அழைத்து, “அந்த மிராசு பேர்ல இருக்கிற பட்டாவையே ஏத்திடலாம், அனுமதி வந்துடும், யாரு பாக்கப் போறா” என்றார். கூலியும் சொன்னார். வந்துவிடும் என்பது உண்மைதான். முன்கூட்டிப் பார்க்க ஆள் இல்லாத திட்டம் அது. ஆனால் சுயசான்று என்றால் சொன்னதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு என்று பொருள். பின்னால் தகவல் தவறு என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். கட்டிய வீடு அனுமதியற்ற கட்டடம் ஆகும். அதைவிடப் பெரிய கேடு, மனை பழைய உடைமையாளருடையது என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

கணினியில் பெயர் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகிவிடாது. ஒப்படைக்கப்பட்ட மனை, முறைப்படி ரத்து செய்யப்படும் வரை ஒப்படை பெற்றவருடையதே. விடுபட்டது கணக்கில் ஏற்றும் வேலை. அதைச் செய்யவைக்க வேண்டும்.

அதைத் தனித்தனியாகக் கேட்டால் நடக்காது என்பது நம் அனுபவம். ஒரு மனைக்கு மட்டும் உட்பிரிவு செய்ய முடியாது. எடுத்த புலம் முழுவதையும் அளந்தால்தான் முடியும். எனவே தெருவாகச் சேர்ந்துதான் கேட்க வேண்டும். முதலில் தெருவில் உள்ள எல்லாப் பட்டாக்களையும் நகல் எடுத்து, பட்டா எண், தேதி, புல எண், யார் பெயர், இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரே பட்டியலாக எழுதுங்கள். இந்த வேலையைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு நாளில் முடித்துவிடலாம். தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்தில் ஒவ்வொரு புல எண்ணையும் போட்டு, இப்போது யார் பெயர் வருகிறது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த நிலத்தைக் கையகப்படுத்திய தீர்வத்தின் நகல், பயனாளிகள் பட்டியல், மனை வரைபடம் மூன்றையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தீர்வம் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் நிலம் அரசுக்கு வந்ததை அதைவிட உறுதியாகச் சொல்லும் ஆவணம் இல்லை.

இந்தக் காகிதங்களோடு மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாம். அதைவிடப் பொருத்தமான இடம் ஜமாபந்தி. ஆண்டுக்கு ஒருமுறை கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வதற்கென்றே கூடும் கூட்டம் அது. கணக்கில் விடுபட்டதைக் கேட்க அதைவிட நேரான இடம் வேறில்லை. மனு கொடுத்தால் ரசீது எண் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒப்படை பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இப்போதே எடுத்து வையுங்கள். மகள்களின் பெயரை வாரிசுச் சான்றில் விடாதீர்கள். கட்டிக்கொடுத்துவிட்டோமே என்று விட்டுவிட்டால் பின்னால் அதுவே வில்லங்கம் ஆகும். அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதுதான் சட்டம்.

அரசுக்கும் நாம் கேட்பது பெரிய செலவு வைக்கும் ஒன்றல்ல. புதுச் சட்டம் வேண்டாம், புது நிலம்கூட இதற்கு வேண்டாம். 1978 சட்டத்தின்கீழ் எடுத்த ஒவ்வொரு புலத்துக்கும் கணக்கு ஏறிவிட்டதா இல்லையா என்று வட்டம் வட்டமாக ஒரு பட்டியல் வெளியிடலாம். ஏறாத இடங்களுக்கு நில அளவையர்களை முகாமாக அனுப்பலாம். அது முடியும் வரை, ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர் கொடுத்த ஒப்படை ஆணையையும், குடியிருப்பு உண்மை என்ற கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் சுயசான்று இணையதளம் ஏற்றுக்கொள்ளலாம். கிரயப் பத்திரம் கேட்கும் இடத்தில் ஒப்படை ஆணை என்று இன்னொரு வரி சேர்ப்பது கணினி எழுதுகிறவர்களுக்கு அரை நாள் வேலையாகத்தான் இருக்கும். அந்த ஆணையைக் கொடுத்ததும் இதே அரசுதானே?

28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு தனி அலுவலர்களிடம் ஊராட்சிகள் போயின. திருவாரூரும் அதில் ஒன்று. நம் தெருவில் வென்ற உறுப்பினர் ஒருவர் இருந்தால் கிராம சபையில் எழுந்து கேட்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதில்லை. கிராம சபையில் எழுந்து கேட்க உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

கொத்தனாரைப் போன வாரம் மறுபடியும் பார்த்தோம். தெருவில் எல்லார் பட்டாவையும் வாங்கி நகல் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டில் பட்டாவைக் கரையான் அரித்திருந்தது. ஒரு வீட்டில் கஜாவோடு போய்விட்டது. பக்கத்து வீட்டில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் பட்டியலை எழுதித் தருகிறாள். களிமண் பூமி, மழைக்கு முன் கடைக்கால் போட்டால்தான் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஐப்பசி அடைமழைக்குள் அது நடக்காது என்பதும் தெரியும். “இந்த மழைக்கும் தார்ப்பாய்தான்” என்றார். புதுத் தார்ப்பாய் வாங்கி வைத்திருக்கிறார்.